ரெட்ரோஃபிட், கிராண்ட்ஃபாதரிங்: விடுதிகளின் தீப்பாதுகாப்பு விதிகளுக்கு இரண்டு சொற்கள்

அன்புள்ள அம்மா அவர்களுக்கும் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

விடுதிகளுக்கான தீப்பாதுகாப்பு விதிகளைத் தமிழில் எழுதும் வேலை இரண்டு சொற்களில் வந்து நிற்பதாகவும், ‘ரெட்ரோஃபிட்’டுக்கு (கட்டி முடித்த கட்டடத்தில் ஒரு சாதனத்தைப் பிறகு பொருத்துவது) ‘மறுபொருத்தம்’ என்றும் ‘கிராண்ட்ஃபாதரிங்’குக்கு (புதிய விதி வருமுன் கட்டியவற்றை அவ்விதி கட்டுப்படுத்தாமல் விடுவது) ‘பாட்டனார் விலக்கு’ என்றும் இப்போதைக்கு வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தீயணைப்புக் குழாய் வரைபடங்களோடு பல ஆண்டுகள் உழன்றவன் என்ற முறையில் இரண்டையும் மாற்றச் சொல்வேன். இச்சொற்களின் பொருளை அகராதியில் தேடுவதைவிட அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் தேடுவது எளிது, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1980 நவம்பர் 21 அன்று காலை ஏழு மணிக்குச் சற்றுப் பின்னர், எம்.ஜி.எம். கிராண்ட் விடுதியின் கீழ்த்தளத்தில், ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த உணவகம் ஒன்றில் தீ வெளிப்பட்டது. மின்கம்பியில் ஏற்பட்ட கோளாறே காரணம். 26 மாடிக் கட்டடத்தில் ஏறத்தாழ 5,000 பேர் இருந்தனர். 85 பேர் இறந்தனர். தீ எரிந்தது கீழே, சூதாட்டக் கூடத்தில். இறந்தவர்களில் பெரும்பாலோரோ மேல்மாடிகளில், தீயைக் கண்ணால்கூடக் காணாமல், புகையால் இறந்தனர். லிஃப்ட் குழி, படிக்கட்டு, நிலநடுக்கத்தைத் தாங்குவதற்காகக் கட்டடப் பகுதிகளுக்கிடையே விடப்பட்ட இடைவெளி, ஏ.சி. காற்றுக் குழாய் என்று செங்குத்தாக எது கிடைத்ததோ அதன் வழியெல்லாம் புகை ஏறியது. அந்த உணவகத்திலும் சூதாட்டக் கூடத்திலும் ஸ்பிரிங்க்ளர், அதாவது தீயின் வெப்பம் பட்டதும் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு, இல்லை. உணவகம் 24 மணி நேரமும் திறந்திருக்கும், எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும், தீப்பிடித்தால் உடனே பார்த்துவிடுவார்கள் என்ற எண்ணத்தில் அதற்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. பிற்பாடு உணவகத்தை இரவில் மூடத் தொடங்கினார்கள். விலக்கை யாரும் மூடவில்லை.

இந்த விலக்கு தங்கள் சொல்லுக்கு உரிய விலக்கு அன்று. கேட்டுப் பெற்று, ஒரு காரணம் காட்டி, ஓர் அறைக்கு மட்டும் அளிக்கப்படுவதற்கு ‘விதிவிலக்கு’ என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே நன்றாகப் புழங்குகிறது. கிராண்ட்ஃபாதரிங் என்பது யாரும் கேட்காமல் தேதியால் தானாகக் கிடைப்பது. அந்தக் கட்டடத்தை எழுப்பியபோது இருந்த விதி, கட்டடம் முழுவதற்கும் ஸ்பிரிங்க்ளர் வேண்டும் என்று கேட்கவில்லை. பின்னால் கடுமையான விதி வந்தாலும் அது இனிமேல் கட்டப்படுபவற்றைத்தான் பிடிக்குமேயொழிய, கட்டி முடித்தவற்றின் மேல் தானாகப் பாயாது. ஓர் ஊரில் அருகருகே நிற்கும் இரண்டு விடுதிகளில் ஒன்றில் அறைக்கு அறை ஸ்பிரிங்க்ளரும் மற்றொன்றில் வெறும் கூரையும் இருக்க, இரண்டும் சட்டப்படி சரியானவையாகவே இருக்கலாம். வாசலில் பெட்டியை இறக்கும் சுற்றுலாப் பயணிக்கு இந்த வேறுபாடு தெரியாது. இந்த நிலைக்குத்தான் சொல் வேண்டும்.

‘பாட்டனார் விலக்கு’ ஏன் கூடாது? ஆங்கிலத்தில் அந்தச் சொல் பிறந்த கதை கட்டடத்தோடு தொடர்பற்றது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிப்பதற்காகப் படிப்பறிவு, சொத்து முதலிய நிபந்தனைகளை விதித்துவிட்டு, 1867-க்கு முன் தந்தையோ பாட்டனோ வாக்குரிமை பெற்றிருந்தால் அவருடைய வாரிசுக்கு அந்த நிபந்தனைகள் இல்லை என்று எழுதிவைத்தார்கள். 1898-இல் லூசியானா அவ்வாறு செய்தது. 1915-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய விதிகள் செல்லாது என்றது. அந்தப் பாட்டனைக் கப்பலேற்றி நம் தீப்பாதுகாப்பு விதிக்குள் கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டியதில்லை. மேலும், தமிழில் பாட்டன் என்றதும் நினைவுக்கு வருவது பாட்டன் சொத்து. விலக்கை ஒரு பிதுரார்ஜிதம்போல விடுதிக்காரர் உரிமை கொண்டாடும் வாடை அதில் அடிக்கிறது.

வேறொரு நண்பர் ‘பழங்கட்டட விலக்கு’ என்றார். எளிய சொல், யாருக்கும் புரியும், ஆனால் தவறு. எம்.ஜி.எம். கிராண்ட் திறக்கப்பட்டது 1973 டிசம்பரில். தீப்பிடித்த நாளில் அதற்கு ஏழு வயதுகூட நிரம்பவில்லை. பழைய கட்டடம் என்று படிப்பவர் காரை உதிர்ந்த சத்திரத்தை நினைத்துக்கொள்வார். விலக்குப் பெறும் கட்டடமோ பளிங்குத் தரையும் தொங்குவிளக்குமாக மின்னிக்கொண்டிருக்கும். விதி முந்தியதா, கட்டடம் முந்தியதா என்பது மட்டுமே கேள்வி.

அப்படியானால் ‘முன்கட்டு விலக்கு’ என்று சொல்லிப் பார்த்தேன். எழுதிய மறுகணமே என் தாய்மாமன் வீட்டு முன்கட்டும், பெண்கள் புழங்கிய இரண்டாம் கட்டும், கிணற்றடிக்குப் போகும் பின்கட்டும் கண்முன் வந்துவிட்டன. விடுதியின் முன்பகுதிக்கு மட்டும் விலக்கு என்று யாராவது படித்தால் அவர்மேல் குற்றமில்லை. ‘முன்தேதி விலக்கு’ இன்னும் மோசம். அரசாணைகளில் ‘முன்தேதியிட்டு’ என்றால் பின்னோக்கிச் செல்லுபடியாவது என்று பொருள், அதாவது நாம் சொல்ல வருவதற்கு நேர் எதிர். ‘முன்னிருப்பு’ கணக்குப் புத்தகத்துக்கும், பிறகு கணினிக்கும் போய்விட்டது.

ஆகவே நான் முன்வைப்பது ‘விதிமுந்தை விலக்கு’. விதிக்கு முந்தைய கட்டடம் ‘விதிமுந்தைக் கட்டடம்’. எதற்கு முந்தியது என்பது சொல்லுக்குள்ளேயே இருப்பதால் வயதுக் குழப்பம் வராது. ‘விதிவிலக்கு’ என்பதன் பக்கத்தில் வைத்தால் உறவும் தெரிகிறது, வேற்றுமையும் தெரிகிறது. ‘விதி’ என்றதும் தலைவிதி நினைவுக்கு வருமே என்று யாரேனும் கேட்கலாம். போக்குவரத்து விதி என்னும்போது யாரும் தலையெழுத்தை நினைப்பதில்லை.

இனி ரெட்ரோஃபிட். எம்.ஜி.எம். தீக்கு 81 நாள் கழித்து, 1981 பிப்ரவரி 10 அன்று, அதே ஊரில் ஹில்ட்டன் விடுதியில் எட்டாம் மாடியில் ஒருவன் தீ வைத்தான். சன்னல்கள் வழியாக வெளியே நாக்கை நீட்டிய தீ, கட்டடத்தின் வெளிப்புறமாகவே மாடி மாடியாக மேலே தாவியது. 8 பேர் இறந்தனர். அந்த ஆண்டிலேயே, லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலம் சட்டம் இயற்றி, 55 அடிக்கு மேல் மக்கள் புழங்கும் தளங்களைக் கொண்ட கட்டடங்களில், அவை எப்போது கட்டப்பட்டவையாயினும், ஸ்பிரிங்க்ளர் போடவைத்தது. கிராண்ட்ஃபாதரிங் நீங்கியதும் ரெட்ரோஃபிட் நடைமுறைக்கு வந்ததும் ஒரே சட்டத்தால்தான்.

‘மறுபொருத்தம்’ என்பதில் இரண்டு கோளாறுகள். ‘மறு’ என்றால் முன்பு ஒருமுறை பொருத்தியிருக்க வேண்டும். இங்கே முன்பு எதுவுமே இல்லை. ‘பொருத்தம்’ என்றால், மன்னிக்க வேண்டும், சாதகம் கையில் வந்துவிடுகிறது. பத்துப் பொருத்தம் பார்த்து முறிந்த வரனுக்கு இரண்டாம் முறை பார்ப்பதுபோல் ஒலிக்கிறது. ‘புதுப்பித்தல்’ விடுதிக்காரர்கள் கம்பளமும் திரைச்சீலையும் மாற்றும்போது சொல்லும் சொல். ‘தரமுயர்த்தல்’ எதற்கும் பொருந்துவதால் எதையும் சொல்வதில்லை.

இந்த வேலை எத்தகையது என்பதைப் பார்த்தால் சொல் தானாகக் கிடைக்கும். சில ஆண்டுகளுக்கு முன் பழைய விடுதி ஒன்றில் தங்கியபோது, அறையின் சுவரும் கூரையும் சேரும் மூலையில் நீளமான பலகைப் பெட்டி ஒன்று ஓடுவதைக் கண்டேன். அதன் பக்கவாட்டிலிருந்து, கூரையின் நடுவே தொங்க வேண்டிய ஸ்பிரிங்க்ளர் தலை, சுவரிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கூரைக் கான்கிரீட்டை உடைக்க முடியாது. அதனால் குழாயை வெளியே ஓட்டிப் பெட்டி கட்டி மறைத்து, பக்கவாட்டில் தெளிக்கும் வகைத் தலையைப் போட்டிருக்கிறார்கள். தலையில் இருந்த சிவப்புக் கண்ணாடிக் குமிழ் 68 டிகிரி செல்சியஸில் வெடிப்பது. பெட்டியின் மூட்டில் வண்ணம் சற்றே வேறுபட்டிருந்தது. சுற்றுலா ஊரில் இதற்காக விடுதியை மூட முடியாது என்பதால், இரண்டு மூன்று மாடிகளை மட்டும் காலி செய்து வேலையை முடித்து, அடுத்த மாடிகளுக்கு நகர்வார்கள். கட்டடம் முந்தி, பொருத்துதல் பிந்தி: அந்தப் பெட்டியே சொல்லுக்கு விளக்கம்.

எனவே ‘பிற்பொருத்தல்’. ‘பின்பொருத்தல்’ என்று எழுதாமல் ‘பிற்’ என்று எழுதக் காரணம் உண்டு. பின்புறம், பின்பக்கம், பின்வாசல் என இடத்தைக் குறிக்கும்போது னகரம் அப்படியே நிற்கிறது. பிற்பகல், பிற்காலம், பிற்சேர்க்கை எனக் காலத்தைக் குறிக்கும்போது றகரமாகிறது. பின்பனிக் காலம் இதற்கு இணங்கவில்லை என்பதை அறிவேன். ஆயினும் வழக்கு இப்படித்தான் சாய்கிறது. ‘பின்பொருத்திய குழாய்’ என்றால் சுவருக்குப் பின்னால் தேடுவார்கள். வினையாகவும் தடையின்றி வரும்: பிற்பொருத்தினார்கள், பிற்பொருத்திய தலை, பிற்பொருத்த ஆகும் செலவு.

தங்கள் வரைவின் நான்காம் பத்தியில் இட்டுப் பார்த்தேன்: “இவ்விதி நடைமுறைக்கு வரும் நாள்முதல் உயர்மாடி விடுதிகளின் விதிமுந்தை விலக்கு நீங்கும், உரிமையாளர்கள் குறித்த காலத்துக்குள் எல்லா அறைகளிலும் ஸ்பிரிங்க்ளர் பிற்பொருத்த வேண்டும், முன்னர் அளித்த விதிவிலக்குகள் ஒவ்வொன்றும், அதற்குக் காட்டிய காரணம் இன்னும் நீடிக்கிறதா என்று நேரில் பார்த்து மறுஆய்வு செய்யப்படும்.” கடைசித் தொடர் நான் சேர்த்தது, அந்த உணவகத்தை நினைத்துச் சேர்த்தேன், வேண்டாமென்றால் நீக்கிவிடுங்கள். ‘டேம்ப்பர்’ (காற்றுக் குழாயில் புகையைத் தடுக்க மூடிக்கொள்ளும் தகடு) பற்றித் தாங்கள் கேட்டதற்குத் தனியே எழுதுகிறேன். ‘புகைமடல்’ என்று எண்ணியிருக்கிறேன், வேறு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் அதற்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வரைபடக்காரன்