பெலீஸில் ஆறு இரவு: தீவிலேயே கிடப்பதா, கரையில் சுற்றுவதா?

ஹூஸ்டன்வாசி:
மார்ச் விடுமுறைக்கு மத்திய அமெரிக்காவில் இருக்கும் பெலீஸ் நாட்டுக்கு டிக்கெட் போட்டாயிற்று. இங்கிருந்து நேர் விமானம், இரண்டரை மணி நேரம்தான். ஆறு இரவு. நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர் (11, 7), ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா (72, முழங்கால் வலி). கார் எடுத்து நாட்டைச் சுற்று என்கிறான் மச்சான். சான் பெட்ரோ என்ற தீவு ஊரில் இறங்கு, திரும்பும்வரை அங்கிருந்து அசையாதே என்கிறார் ஆபீஸ் நண்பர். இருவரும் ஒரே ஒரு தடவை போனவர்கள், இருவருக்கும் தான் சொல்வதுதான் வேதம். தீவுக்குப் படகா, குட்டி விமானமா? கடல் நடுவே இருக்கும் அந்த நீலக் குழியை (ப்ளூ ஹோல்) பார்த்தே ஆக வேண்டுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்காற்று:
ஆபீஸ் நண்பர் சொல்வதைக் கேளுங்கள். நான் மூன்று தடவை போயிருக்கிறேன். சர்வதேச விமான நிலையத்திலேயே குட்டி விமானம் மாறலாம். பதினைந்து, இருபது நிமிடத்தில் சான் பெட்ரோ. பதின்மூன்று, பதினான்கு பேர் உட்காரும் செஸ்னா. தாழப் பறப்பதால் கீழே தண்ணீர் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறுகிற கோடு வரைக்கும் தெரியும். படகு என்றால் முதலில் டாக்சி பிடித்து பெலீஸ் சிட்டிக்கு 16 கிலோமீட்டர், துறையில் காத்திருப்பு, அப்புறம் ஒன்றரை மணி நேரம் இடுப்பை உலுக்கும் பயணம். முழங்கால் வலிக்காரரை வைத்துக்கொண்டு அது வேண்டாம்.

தீவில் கோல்ஃப் கார்ட் வாடகைக்கு எடுங்கள் (லைசென்ஸ் கேட்பார்கள்). அப்பாவை முன்னால் உட்காரவைத்து ஊர் முழுக்கச் சுற்றலாம். பவளப்பாறை கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள். 1987-இலிருந்து பாதுகாக்கப்படும் ஹோல் சான் பகுதிக்குப் படகில் கூட்டிப்போவார்கள், பக்கத்திலேயே நர்ஸ் சுறாக்கள் வரும் இடம். ஏழு வயதுக்குக்கூட லைஃப் ஜாக்கெட் மாட்டி இறக்கலாம். ஆறு இரவும் அங்கேயே.

கண்டக்டர்_மகன்:
ஆறு இரவும் சான் பெட்ரோ என்றால் பெலீஸ் போனேன் என்று சொல்லாதீர்கள், ஓட்டல் போனேன் என்று சொல்லுங்கள்.

நான் 2019-இல் பத்து நாள் பஸ்ஸிலேயே சுற்றினேன். அமெரிக்காவில் ஓய்வு பெற்ற பள்ளிக்கூடப் பஸ்கள்தான் அங்கே ஊர் பஸ். மஞ்சளுக்கு மேல் பச்சையோ நீலமோ அடித்திருப்பார்கள். பெலீஸ் சிட்டியில் ஏறி மேற்கே சான் இக்னாசியோ ஊருக்குப் போக இரண்டரை, மூன்று மணி நேரம். ஒன்பதோ பத்தோ பெலீஸ் டாலர் கொடுத்த ஞாபகம், அதாவது ஐந்து அமெரிக்க டாலருக்குள். கண்டக்டர் முதலில் டிக்கெட் கேட்கவே மாட்டார். வண்டி கிளம்பி நாலு நிறுத்தம் போன பிறகு எழுந்து வருவார். யார் எங்கே ஏறினார், யாருக்கு மீதிச் சில்லறை பாக்கி என்பதெல்லாம் தலையிலேயே இருக்கும். என் அப்பா நாற்பது ஆண்டு பார்த்த வேலை அது. நான் டிரைவரைப் பார்க்கவில்லை, அவரையேதான் பார்த்துக்கொண்டு போனேன். பெல்மோபானில் வண்டி நின்றதும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா ஏறினார், உள்ளே சூடாகத் தமாலே, சோள மாவை இலையில் சுற்றி அவித்தது. அந்த ஊர்தான் தலைநகர். 1961-இல் ஹாட்டி புயல் பெலீஸ் சிட்டியை நாசமாக்கியதால், கடலை விட்டு உள்ளே தள்ளிக் கட்டிய புது ஊர்.

சான் இக்னாசியோவுக்கு அப்பால் சுனான்டுனிச், பழைய மாயர் (மாயன்) மக்கள் கட்டிய கோயில். அங்கே போக மோபான் ஆற்றைத் தாண்ட வேண்டும். நான் போனபோது கார், ஆள் எல்லாம் ஏறுகிற ஒரு மிதவை இருந்தது. இஞ்சின் கிடையாது. கரைக்குக் கரை கம்பி, மிதவையில் ஒரு கைப்பிடிச் சக்கரம். அதைச் சுற்றச் சுற்ற மிதவை நகரும். சுற்றிக்கொண்டிருந்தவர் சிரித்துக்கொண்டே என்னிடம் கொடுத்தார். நடு ஆறு போவதற்குள் என் தோள் கழன்றுவிட்டது. இதெல்லாம் கோல்ஃப் கார்ட்டில் கிடைக்காது சார்.

உப்புக்காற்று:
கேட்டவர் தனியாளா? 72 வயது, முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறாரே, படித்தீர்களா? அந்த இருக்கை எட்டாம் வகுப்புப் பையனின் காலுக்குச் செய்தது. நம் முட்டி முன்சீட்டில் இடிக்கும். கூட்டமான நேரம் என்றால் நின்றுகொண்டுதான் போக வேண்டும்.

டொராண்டோ_தேவி:
தம்பிமார் சண்டை பிடியாதேங்கோ. நாங்கள் போன வருசம் கப்பலில் போனனாங்கள். காலமை இறங்கி பின்னேரம் ஏறியாச்சு. ஒரு பகலே காணும். சாப்பாடு, படுக்கை எல்லாம் கப்பலில், பெட்டியை இழுத்துத் திரியத் தேவையில்லை. மாமியையும் கூட்டிப் போனனாங்கள், ஒரு கரைச்சலும் இல்லை. வயசானவையோட போறதெண்டா அதுதான் வழி.

கண்டக்டர்_மகன்:
அக்கா, கோபித்துக்கொள்ள வேண்டாம். எவ்வளவு நேரம் தரையில் நின்றீர்கள்? பெலீஸ் சிட்டி ஓரம் கடல் ஆழமில்லாதது. பெரிய கப்பல் பல கிலோமீட்டர் வெளியே நங்கூரம் போட்டுவிடும், அங்கிருந்து சின்னப் படகில் ஏற்றி இறக்குவார்கள். இறங்கும் இடமே வேலி போட்ட கடைத்தெரு. அதைத் தாண்டி எத்தனை பேர் போகிறார்கள்?

நாட்டின் மொத்த ஜனத்தொகையே நாலு லட்சம். கொரோனாவுக்கு முன் ஒரே வருடத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் கப்பல் பயணிகள் வந்திருக்கிறார்கள். 2016-இல் தெற்கே ஒரு கப்பல் கம்பெனி ஹார்வெஸ்ட் கே என்ற தீவையே தன் பயணிகளுக்கென்று கட்டித் திறந்தது. அங்கே இறங்குகிறவர் நீந்துவதும் சாப்பிடுவதும் பெரும்பாலும் கம்பெனியின் இடத்திலேயே. எதிர்க்கரையில் பிளசென்சியா ஊரில் கடை வைத்திருப்பவனுக்கு என்ன மிஞ்சும்?

டொராண்டோ_தேவி:
கடைத்தெருவுக்கு வெளியிலும் போனனாங்கள். ஒரு டாக்சிக்காரப் பொடியன் ஆல்ட்டுன் ஹா கோயிலுக்குக் கொண்டுபோனவன். முழுக் காசும் அவன்ர கையிலதான் குடுத்தனாங்கள். உம்மட பஸ்ஸில பத்து நாளில நீர் குடுத்ததைவிட அது கூட. ஆர் அந்த நாட்டுக்குக் கூடக் காசு குடுத்தது எண்டு கணக்குப் பாரும்.

கண்டக்டர்_மகன்:
சரி, அந்த அடி எனக்கு விழ வேண்டியதுதான்.

மைல்கல்:
மச்சான் கட்சிக்கு ஆளே இல்லையா? நான் வருகிறேன். பெலீஸ் சின்ன நாடு, 22,966 சதுர கிலோமீட்டர். நெடுஞ்சாலைகளை விரல் விட்டு எண்ணலாம், ரயில் கிடையாது. பெயர்ப்பலகை எல்லாம் ஆங்கிலம், ஏனென்றால் 1981 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இடம். ஆனால் வண்டி ஓட்டுவது வலப்பக்கம், தூரம் மைலில். ஹூஸ்டன்காரருக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

பெல்மோபானிலிருந்து டான்கிரிகா போகும் ஹம்மிங்பேர்ட் சாலையை மட்டும் ஓட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் காட்டு மலை, அப்புறம் ஆரஞ்சுத் தோப்பு. நான் போனபோது நடுவே ஒற்றை வண்டி போகிற பாலங்கள் இருந்தன. எதிரே வருபவர் விளக்கைச் சிமிட்டினால் "நீ வா" என்று அர்த்தம் என நினைத்து ஏறினேன். அவரும் ஏறினார். யார் பின்வாங்குவது என்று ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டோம், அப்புறம் நான்தான் ரிவர்ஸ் எடுத்தேன்.

எச்சரிக்கை இரண்டு. ஊர் நுழையும் இடத்தில் வேகத்தடை இருக்கும், பல இடங்களில் பலகையும் இருக்காது, பெயின்டும் இருக்காது. முதல் நாளே ஒன்றில் பறந்து இறங்கினேன், பின்சீட்டில் இருந்த என் மனைவி மாலைவரை பேசவில்லை. அதனால் இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். இரண்டாவது, "டாலர்" என்றால் எந்த டாலர் என்று கேளுங்கள். இரண்டு பெலீஸ் டாலர் ஒரு அமெரிக்க டாலர், இந்தக் கணக்கு 1976 முதல் மாறவில்லை. கார் வாடகைக் கடையில் போனில் பேசிய விலையை நான் பெலீஸ் டாலர் என்று எடுத்துக்கொண்டேன், பில் அமெரிக்க டாலரில் வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டார்கள்.

கண்டக்டர்_மகன்:
பிளசென்சியாவுக்கு இந்த மைல்கல்காரர் காரிலேயே போவார். பஸ்காரர்கள் இன்டிபென்டன்ஸ் ஊரில் இறங்கி ஹோக்கி போக்கி என்ற படகில் ஏறினால் கால் மணி நேரம்தான். அலையாத்திக் காட்டுக்கு நடுவே போகும். பெயரைக் கேட்டாலே பிள்ளைகள் ஏறிவிடுவார்கள்.

இன்னும் தெற்கே போக நாள் இருந்தால் புன்டா கோர்டா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்களின் வாரிசுகள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். மொழி போய்விட்டது, மஞ்சள் போட்ட குழம்பு போகவில்லை. அதை "டக்காரி" என்கிறார்கள்.

ஹூஸ்டன்வாசி:
புன்டா கோர்டா இந்தத் தடவை முடியாது, ஆனால் டக்காரி மனதில் நிற்கிறது. நீலக் குழி பற்றி யாருமே சொல்லவில்லையே? பெரியவன் தினமும் அந்தப் படத்தையே காட்டுகிறான்.

உப்புக்காற்று:
தீவுக் கட்சிக்காரன் நான், நானே சொல்கிறேன்: படகில் போகாதீர்கள். கரையிலிருந்து வெகு தூரத்தில், லைட்ஹவுஸ் ரீஃப் என்ற பவளத்திட்டில் இருக்கிறது. சான் பெட்ரோவிலிருந்து போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல், அதுவும் பவளப்பாறைக்கு வெளியே திறந்த கடல். சுமார் 300 மீட்டர் அகலம், 120 மீட்டருக்கு மேல் ஆழம். மேலே மிதப்பவன் கண்ணுக்கு ஒரு கருநீலம்தான் தெரியும். படத்தில் இருக்கும் வட்டம் வானத்திலிருந்து பார்த்தால்தான் வட்டம். சுற்றிக்காட்டும் விமானம் உண்டு, காசு கொஞ்சம் கடிக்கும்.

ஆழ்நீர்:
டைவிங் தெரிந்தவன் சார்பில் ஒரு ஆட்சேபம். 1971-இல் பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோ தன் கப்பலோடு போனது வட்டத்தைப் பார்க்க அல்ல. நாற்பது மீட்டர் கீழே போனால் சுண்ணாம்பு விழுதுகள் தொங்கும், மண்டபத் தூண் மாதிரி. விழுது தண்ணீருக்குள் உண்டாகாது. கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் அது காய்ந்த குகை. அதன் பக்கத்தில் மிதந்தபோது எனக்குப் புல்லரித்தது. ஆனால் 11 வயதுப் பையனுக்கு அது கிடையாது, அதில் உப்புக்காற்று சொல்வது சரி.

கண்டக்டர்_மகன்:
உப்புக்காற்று இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளட்டும். சான் பெட்ரோவில் "கடற்கரை" என்று நாம் நினைக்கும் அகல மணல் பல இடங்களில் கிடையாது. மார்ச், ஏப்ரல் தொடங்கி சர்காசம் பாசி கிழக்குக் கரையில் குவியும். அழுகினால் முட்டை நாற்றம்.

உப்புக்காற்று:
பாசி எல்லா நாளும் வராது. வரும் நாளில் மரப்பாலத்தின் முனைக்குப் போய் அங்கிருந்து குதிப்போம். நாற்றம் பற்றி வாதாட மாட்டேன், ஒரு தடவை அறையே மாற்றினேன். அப்படிப் பயமென்றால் கே கால்கர் தீவுக்குப் போகட்டும். சின்னத் தீவு, கோல்ஃப் கார்ட்டும் சைக்கிளும்தான், "மெதுவாகப் போ" என்று பலகையே வைத்திருக்கிறார்கள். ஊர் முனையில் தீவைப் பிளக்கும் வாய்க்காலை ஸ்ப்ளிட் என்பார்கள். நீங்கள் சொன்ன அதே ஹாட்டி புயல் வெட்டியது என்கிறார்கள். எல்லோரும் குளிப்பது அங்கேதான், நீரோட்டம் உண்டு, சின்னவன் மேல் ஒரு கண் வையுங்கள்.

மைல்கல்:
பார்த்தீர்களா, சான் பெட்ரோவிலிருந்து தானே இறங்கி வந்துவிட்டார்.

உப்புக்காற்று:
தீவிலிருந்து இறங்கவில்லை, தீவு மாறினேன்.

ஹூஸ்டன்வாசி:
முடிவு இதுதான். முதல் மூன்று இரவு சான் இக்னாசியோ. கார் நான் ஓட்டவில்லை, டிரைவரோடு வேன். சுனான்டுனிச் ஒரு நாள். ஆக்டுன் டுனிசில் முக்னால் என்ற மாயர் குகை எனக்கு ஆசைதான், ஆனால் வாசலிலேயே நீந்தி நுழைய வேண்டுமாம், அதனால் இல்லை. 2012-இல் ஒருவர் கேமராவை நழுவவிட்டு ஆயிரம் வருட மண்டையோட்டில் ஓட்டை போட்டதிலிருந்து அங்கே கேமராவும் கிடையாது என்று படித்தேன், ஆக போய் வந்தாலும் மச்சான் நம்பமாட்டான். அடுத்த மூன்று இரவு கே கால்கர். போகும்போது படகு, முக்கால் மணி நேரம்தான் என்பதால். திரும்பும்போது குட்டி விமானம், நேராக ஹூஸ்டன் விமானத்துக்கு.

பஸ் இல்லை, மன்னிக்கவும்.

கண்டக்டர்_மகன்:
பெல்மோபானிலிருந்து சான் இக்னாசியோவரை மட்டுமாவது ஏறுங்கள். ஒரு மணி நேரம்தான். வேன் பின்னால் வரட்டும்.

உப்புக்காற்று:
கரைக்கு மூன்று இரவு அதிகம். எழுதி வையுங்கள், போய் வந்து நீங்களே சொல்வீர்கள்.

ஹூஸ்டன்வாசி:
இதையெல்லாம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கோயில், சுறா எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அந்தக் குட்டி விமானத்தில் டிரைவர் பக்கத்து சீட்டு காலியாக இருக்குமா என்று மட்டும் கேட்கிறார்.

உப்புக்காற்று:
ஒரே விமானி என்றால் அந்த சீட்டில் பயணியை உட்காரவைப்பார்கள், நானே உட்கார்ந்திருக்கிறேன். எடை பார்த்து அவர்கள்தான் இடம் சொல்வார்கள், ஆனாலும் ஏறுமுன் கேட்டு வையுங்கள். முட்டியை மடக்கித்தான் ஏற வேண்டும், அதற்கு அவர் தயாரா?

ஹூஸ்டன்வாசி:
இப்போதே மடக்கிக் காட்டுகிறார்.