டிக் முகவரி தருகிறது, பிங் மறுக்கிறது: டெபியன் 12-இல் உள்ளூர்ப் பெயர் சிக்கல்

கேள்வி (கிடங்குக்காரன்):
வீட்டு ரௌட்டரில், கணினிப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சேவையகமான டிஎன்எஸ்மாஸ்க் ஓடுகிறது. கோப்புகள் வைத்திருக்கும் கணினிக்கு அதில் ‘கிடங்கு.லோக்கல்’ என்று பெயர் கொடுத்திருக்கிறேன். என் டெபியன் 12 (லினக்ஸ்) மேசைக்கணினியில், பெயருக்கு முகவரி கேட்கும் டிக் கட்டளை உடனே 192.168.1.20 என்கிறது. கணினி எட்டுகிறதா என்று பார்க்கும் பிங் மட்டும் சில நொடி தயங்கிவிட்டு, அப்படியொரு பெயர் தெரியாது என்கிறது. ஃபயர்ஃபாக்ஸிலும் அதே கதை. வரைகலை இடைமுகம் இல்லாத இன்னொரு டெபியன் கணினியில் எல்லாம் சரியாக இருக்கிறது. எங்கே தேடுவது?

பதில் (மின்மினி):
எந்த டிஎன்எஸ் சேவையகத்தைக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில், கூகுளின் 8.8.8.8 என்று எழுதிப் பாருங்கள்.

பதில் (வேர்முனை):
வேண்டாம். உங்கள் வீட்டுக் கணினியின் பெயர் கூகுளுக்கு எப்படித் தெரியும்? மேலும் அந்தக் கோப்பை, இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் திருப்பி எழுதிவிடும்.

டிக் நேராக டிஎன்எஸ் சேவையகத்தைத்தான் கேட்கும். பிங்கும் உலாவியும், நிரல்கள் பொதுவில் பயன்படுத்தும் சி நூலகத்தின் வழியே போகும். அது முதலில், பெயரை எங்கெங்கே எந்த வரிசையில் தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பைப் பார்க்கும். ஆகவே டிக் சொல்வதை வைத்து முடிவு கட்டாதீர்கள், அதே நூலகத்தின் வழியே போகும் ‘கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்’ கட்டளையால் சோதியுங்கள். அந்தக் கோப்பில் ஹோஸ்ட்ஸ் என்று தொடங்கும் வரியில் என்ன இருக்கிறது?

கிடங்குக்காரன்:
கெட்என்ட் எதுவும் தரவில்லை. வரியில் ஃபைல்ஸ், எம்டிஎன்எஸ்4_மினிமல், [நாட்ஃபவுண்ட்=ரிட்டர்ன்], டிஎன்எஸ் என்ற வரிசை.

வேர்முனை:
அதுதான். லோக்கல் என்று முடியும் பெயர்களை 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6762 என்ற இணையத் தரநிலை ஆவணம் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு (எம்டிஎன்எஸ்), அதாவது சேவையகம் இல்லாமல் அக்கம்பக்கத்துக் கணினிகளையே கேட்கும் முறைக்கு, ஒதுக்கிவிட்டது. உங்கள் கணினி அக்கம்பக்கத்தில் ‘கிடங்கு யார்?’ என்று கூவுகிறது, பதில் இல்லை. அந்தத் தயக்கம் இதனால்தான். பிறகு அடைப்புக்குறிக்குள் இருக்கும் விதி அங்கேயே நிறுத்திவிடுவதால், டிஎன்எஸ் வரை கேள்வி போவதே இல்லை. இன்னொரு கணினியில், இந்த எம்டிஎன்எஸ் தேடலைச் சேர்க்கும் லிப்என்எஸ்எஸ்-எம்டிஎன்எஸ் தொகுப்பு இருக்காது, பாருங்கள்.

அந்த விதியை நீக்கினாலும் வேலை நடக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் தயக்கம் மிஞ்சும். பெயரை மாற்றுவதே மேல். வீட்டு வலையமைப்புக்கென்றே ஹோம்.ஆர்ப்பா 2018-இல் ஆர்எஃப்சி 8375-இல் ஒதுக்கப்பட்டது. இல்லையென்றால் கிடங்குக் கணினியில், எம்டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் சொல்லும் அவாஹியை நிறுவுங்கள்.

மின்மினி:
எம்டிஎன்எஸ் தொகுப்பையே நீக்கிவிட்டால் என்ன?

வேர்முனை:
வீட்டில் பிரிண்டர் இருந்தால் கை வைக்காதீர்கள். பல பிரிண்டர்கள் லோக்கல் பெயரில்தான் தம்மை அறிவிக்கின்றன.

கிடங்குக்காரன்:
பிரிண்டர் இருக்கிறது, அதனால் தொகுப்பைத் தொடவில்லை. ரௌட்டரில் ‘கிடங்கு.ஹோம்.ஆர்ப்பா’ என்று மாற்றினேன். கெட்என்ட் உடனே முகவரி தருகிறது, பிங்கும் போகிறது. பழைய பெயரில் சேமித்த புக்மார்க்குகளை மாற்றுவதுதான் பாக்கி. நன்றி, வேர்முனை.