'ரேட்டட் பவர்' என்பதற்கு ஒரே சொல் போதுமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

மின்கருவிகளின் மேல் அச்சடித்திருக்கும் வாட் கணக்கை ஆங்கிலத்தில் 'ரேட்டட் பவர்' (rated power) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது. நீங்கள் எழுதியவற்றை ஆங்காங்கே மேற்கோளாகத் தந்திருக்கிறேன்.

> 'மதிப்பிட்ட திறன்' என்றே வைத்துக்கொள்ளலாம். பொருள் விளங்குகிறதே.

விளங்குகிறது ஐயா, தப்பாக விளங்குகிறது என்பதுதான் என் கவலை. பழைய வண்டிக்கு விலை மதிப்பிடுகிறோம், விடைத்தாளை மதிப்பிடுகிறோம். 'மதிப்பிட்ட' என்றாலே குத்துமதிப்பு என்றுதான் காதில் விழும். தண்ணீர் சுடவைக்கும் ராடின் மேல் '230 வோல்ட், 1500 வாட்' என்று அச்சடித்திருப்பது குத்துமதிப்பு அல்ல. 230 வோல்ட் கொடுத்தால் 1500 வாட் எடுத்துக்கொள்ளும் என்று செய்தவர் எழுதிக்கொடுத்த கணக்கு அது.

போன மார்கழியில் மாமனார் ஊரில் இருந்தேன். ராடு கெட்டுப்போச்சு, வாளித் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவே மாட்டேன் என்கிறது என்றார் மாமா. பிளக்கில் மீட்டரை வைத்துப் பார்த்தால் 180 வோல்ட். ராடின் மேல் கோளாறே இல்லை. 230-ன் வர்க்கத்தை 1500-ஆல் வகுத்தால் அதன் தடை சுமார் 35.3 ஓம். 180 வோல்ட்டை அந்தத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் 5.1 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 919 வாட்தான் வருகிறது. மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைந்தது, திறனோ ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. 14 நிமிடத்தில் சுட வேண்டிய வாளிக்கு 23 நிமிடம் ஆகும். மாமாவுக்கு 1500 என்பது எழுத்து, 919 என்பது நடப்பு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

எழுத்தில் இருப்பதற்கு 'குறிதிறன்', நடப்பில் இருப்பதற்கு 'நிகழ்திறன்' என்று முன்வைக்கிறேன்.

> குறி + திறன் = 'குறித்திறன்' என்றல்லவா வர வேண்டும்? ஒற்று எங்கே?

'குறி' என்பதைப் பெயர்ச்சொல்லாகக் கொண்டால் நீங்கள் சொல்வது சரி. நான் வினையடியாகக் கொள்கிறேன். குறித்த திறன், குறிக்கின்ற திறன், குறிக்கும் திறன். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாயை யாரும் 'ஊறுக்காய்' என்பதில்லை, சுடுசோறும் அப்படியே. தட்டச்சும்போது ஒற்று தானாக நுழையத்தான் செய்யும், அதற்கு நான் என்ன செய்ய!

> மல்டிமீட்டரில் தடையை அளந்து திறனைக் கணக்கிட்டால் போயிற்று. அச்சடித்த எண்ணே தேவையில்லையே?

ராடுக்கு ஓரளவு சரிப்படும். அதற்குள் இருக்கும் நிக்ரோம் கம்பி சூடேறினாலும் தடை அதிகம் மாறாது. பழைய 60 வாட் குண்டு பல்பை இப்படி அளந்து பாருங்கள். அணைந்து ஆறியிருக்கும்போது 65 ஓம் போலக் காட்டும். அதை நம்பிக் கணக்குப் போட்டால் 800 வாட்டுக்கு மேல் வரும்! எரியும்போது டங்ஸ்டன் இழை சூடேறித் தடை 880 ஓம் அளவுக்கு ஏறுவதால்தான் 60 வாட்டில் நிற்கிறது. ஆகவே அச்சடித்த எண்ணுக்கு வேலை இருக்கிறது.

அப்புறம், எனக்குத் தூக்கம் கெட்ட இடத்துக்கு வருகிறேன். கால் வாட் ரெசிஸ்டர் (மின்சுற்றில் தடைக்காக வைக்கும் சின்ன உறுப்பு) இருக்கிறதே, அதன் 'ரேட்டிங்' வேறு சங்கதி. 1000 ஓம் ரெசிஸ்டரை 12 வோல்ட்டில் இணைத்தால் 12 மில்லி ஆம்பியர் ஓடும், அது எடுப்பது 0.144 வாட். கால் வாட்டுக்குள் அடங்குகிறது, பிழைத்துக்கொள்ளும். 24 வோல்ட்டில் இணைத்தால் 0.576 வாட். கொஞ்ச நேரத்தில் கருகல் வாசம் வரும், வண்ணப் பட்டைகள் எல்லாம் ஒரே பழுப்பாகிவிடும். இங்கே கால் வாட் என்பது அது எடுக்கும் அளவு இல்லை, அது பொறுக்கும் அளவு. ராடுக்கும் இதற்கும் ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது. நாமும் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? இதற்குத் 'தாங்குதிறன்' என்று கேட்ட மாத்திரத்தில் புரியும் சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கையேட்டில் "ரெசிஸ்டரின் தாங்குதிறன் கால் வாட்" என்று எழுதினால் படிக்கும் பையன் அதற்கு மேல் கேள்வி கேட்க மாட்டான்.

யாழ்ப்பாணத்து நண்பர், தங்கள் பாடநூல்களில் 'பவர்' என்பது 'வலு' என்றும், 'திறன்' என்றால் தங்கள் மாணவர்களுக்கு 'வினைத்திறன்' (எஃபிஷியன்சி) நினைவுக்கு வரும் என்றும் எழுதியிருந்தார். உண்மைதான். இந்த விஷயத்தில் இரு கரையும் ஒன்றுசேரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் முன்னொட்டு பொதுவாக இருக்கலாமே: குறிவலு, நிகழ்வலு, தாங்குவலு. காதுக்கு உறுத்தவில்லை.

தீராத ஒன்று பாக்கி இருக்கிறது: மோட்டார். '5 எச்.பி.' என்று தகட்டில் இருப்பது மோட்டார் வாங்கும் மின்திறன் அல்ல, சுழலும் அச்சில் அது கொடுக்கும் திறன். ஒரு எச்.பி. (குதிரைத்திறன்) என்பது 746 வாட். 5 × 746 = 3730 வாட் வெளியே வர, அதைவிடக் கூடுதலாக உள்ளே போக வேண்டும். லோ வோல்டேஜிலும் இது ராடு போல் அடங்கி நடக்காது. இழுக்க வேண்டிய சுமையை இழுத்தே தீருவேன் என்று மின்னோட்டத்தைக் கூட்டிக்கொள்ளும், கடைசியில் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் புகையும். தகட்டில் குறித்தது என்ற அளவில் 'குறிதிறன்' இதற்கும் பொருந்தும். ஆனால் உள்ளே போவதா, வெளியே வருவதா என்பதை அந்தச் சொல் சொல்லவில்லை. 'ஈட்டுதிறன்' என்று ஒன்று மனதில் ஓடுகிறது, எனக்கே முழுத் திருப்தி இல்லை. பம்புசெட்டோடு புழங்குகிறவர்கள் யாராவது சொல்லுங்கள். தகட்டைப் பார்த்து உங்கள் ஊர் மெக்கானிக் என்ன சொல்லிக் கேட்பார்?