புதுப்பிப்பு: அப்பாவின் ஃபைப்ரோஸ்கேன், 11.8-லிருந்து 6.2

அல்ட்ராசவுண்டில் அப்பாவுக்குக் கொழுப்பு ஈரல் இரண்டாம் நிலை, அடுத்து எடுத்த ஃபைப்ரோஸ்கேனில் (ஈரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன்) விறைப்பு 11.8 கிலோபாஸ்கல், பயாப்சி (ஊசியால் ஈரல் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்யணுமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"சாப்பிட்டுட்டுப் போனாரா?" என்று ஒருவர் கேட்டாரே, விடை அதில்தான் இருந்தது. குடியாத்தத்தில் பஸ் ஏறும் முன் நாலு இட்லி, வேலூரில் இறங்கியதும் வடை, டீ. குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும் என்று அந்த சென்டரில் யாரும் சொல்லவே இல்லை. சாப்பிட்டதும் ஈரலுக்கு ரத்த ஓட்டம் கூடும். விறைப்பும் கூடுதலாகக் காட்டுமாம்.

இந்த முறை வேறு இடம், வெறும் வயிறு. மல்லாக்கப் படுத்து, வலது கை தலைக்கு மேல். விலா இடுக்கில் ஜெல் தடவி, விரலால் சுண்டுவது போல் பத்துத் தட்டு. நடுமதிப்பு 6.2.

எதிர்பாராதது இரண்டு. தொப்பையால், விலாவில் வைக்கும் வழக்கமான எம் ப்ரோப் சரியாக எடுக்கவில்லை, பருத்த உடலுக்கான எக்ஸ்எல் ப்ரோப் மாற்றினார்கள். இன்னொன்று, பழைய ரிப்போர்ட்டில் ஐக்யூஆர் (தட்டுக்குத் தட்டு அளவு எவ்வளவு மாறுகிறது என்பது) நடுமதிப்பில் 38 சதவீதம். 30-ஐத் தாண்டினால் அந்த அளவை நம்ப முடியாது என்றார் டாக்டர். நாங்கள் அந்த வரியைப் பார்க்கவே இல்லை, கிலோபாஸ்கலைப் பார்த்தே பயந்துவிட்டோம்.

பயாப்சி இப்போதைக்கு வேண்டாம். சிலர் சொன்ன எம்ஆர் எலாஸ்டோகிராபியும் (எம்ஆர்ஐ-யில் ஈரல் விறைப்பை அளப்பது) தேவைப்படவில்லை. கொழுப்பு அளவான சிஏபி மட்டும் 301, அது குறையவில்லை. எடை குறைத்துவிட்டு ஆறு மாதத்தில் வரச் சொன்னார். வெளியே வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "இப்ப பிரியாணி சாப்பிடலாமா?"