வாசல்படிப் பூச்சு மட்டும் ஏன் வெடிக்கிறது?

புளியரைக்காரன்:
செங்கோட்டையை அடுத்த புளியரையில் வீடு. போன வருஷம் ஆனியில் வாசலுக்கு நாலு படி, செங்கல் கட்டு. தேயக்கூடாது என்று நான்தான் சொல்லி, 1:2 கலவையில் (ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு மணல்) பூசி, மேலே சிமெண்ட் பால் தேய்த்து வழவழவென்று முடித்தார்கள். மூன்றாம் நாளே முடி மாதிரி கோடுகள். இப்போது விளிம்பைத் தட்டினால் டொக் டொக் என்கிறது. மேல்படிக்கும் திண்ணைக்கும் நடுவே நகம் நுழைகிற அளவு பிளவு வேறு. யூடியூபில் ஒருவர், உள்ளே போன தண்ணீர் உறைந்து உடைக்கிறது என்கிறார். புளியரையில் ஏது ஐஸ்? சிமெண்டைக் குறைத்துவிட்டார்களோ?

பழைய கரணை:
தம்பி, குறையவில்லை, கூடிப்போச்சு. பூச்சு காயும்போது சுருங்கும்; சிமெண்ட் கூடக் கூடச் சுருக்கமும் கூடும். அடியில் இருக்கிற செங்கல் கூடச் சேர்ந்து சுருங்காதே, அதான் வெடிக்கிறது. அதுக்கு மேல் பால் வேறு, அது மணலே இல்லாத வெறும் சிமெண்ட். 1:4 தாராளம்.

அப்புறம் காற்று. ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற காற்றை உங்களுக்குச் சொல்லணுமா? சாரல் நனைக்குதே என்று யாரும் தண்ணீர் விடுவதில்லை. சாரல் நின்றதும் அந்தக் காற்று பூச்சின் முகத்தை உறிஞ்சிவிடும். பூச்சு இறுகியதும் ஈரச்சாக்கு போட்டு, ஏழு நாள் சாக்கு காயாமல் பார்க்கணும். என் மாமனார் வீட்டுப் படியை இப்படிக் கெடுத்தவன்தான் நான். இருபது வருஷமாய் அங்கே காபியோடு அதையும் குடிக்கிறேன்.

தென்மலை வாசி:
படியில் வாட்டம் இருக்கிறதா? எங்கள் பக்கத்து மழைக்கு, தண்ணீர் நின்றால் கோடு வழியாக இறங்கி பூச்சைக் கழற்றிவிடும். முன்பக்கம் லேசாகச் சரிந்திருக்கணும்.

புளியரைக்காரன்:
வாட்டமே இல்லை அண்ணாச்சி. பிளவில் சிமெண்ட் பாலை ஊற்றினால் அடைபடுமா?

பழைய கரணை:
திரும்பவும் பாலா! டொக் டொக் என்கிற இடமெல்லாம் பூச்சு பிடிப்பு விட்ட இடம், கொத்தி எடுங்கள். செங்கலைக் கழுவி, ஊறவிட்டு, மேலே நிற்கிற தண்ணீர் வற்றியதும் பூசச் சொல்லுங்கள். திண்ணையோரப் பிளவு வேறு சங்கதி. வீட்டு அஸ்திவாரம் ஆழத்தில் நிற்கும். படிக்குப் பெரும்பாலும் நிரப்பின மண்தான், அது தனியாக இறங்கும். அங்கே எத்தனை தடவை பூசினாலும் பிளக்கும். அந்த இடைவெளியை அப்படியே விட்டுவைத்து, ரப்பர் மாதிரி இழுபடுகிற சீலன்ட் அடையுங்கள். இப்போதே ஆளைக் கூப்பிட்டுவிடாதீர்கள், புரட்டாசியில் காற்று அடங்கட்டும்.

புளியரைக்காரன்:
சரி அண்ணாச்சி. மாட்டுத்தீவனச் சாக்கு பத்து எடுத்து வைத்தாச்சு.