முழங்கை முறிவு: புத்தூர் கட்டா, ஆபரேஷனா?

காசிமேட்டுத் தம்பி:
அண்ணனுக்கு 45 வயது. மீன்பிடித் துறைமுகத்தில் வழுக்கி விழுந்ததில் முழங்கையின் பின்முனை எலும்பு உடைந்து விலகிவிட்டது. கையைத் தானாக நீட்ட முடியவில்லை. டாக்டர் கம்பி வைக்க வேண்டும் என்கிறார், அம்மா புத்தூர் கட்டு போதும் என்கிறார். என்ன செய்வது?

பெரம்பூர் சேகர்:
அவசரப்பட்டு அறுக்க விடாதீர்கள். என் மாமாவுக்கும் முழங்கை முறிவுதான். கட்டிலேயே சரியானது, இன்றைக்கு மூட்டை தூக்குகிறார். கம்பி வைத்தவர்கள் அதை எடுக்க மறுபடி படுக்கிறார்கள்.

வண்ணை பிசியோ:
மாமாவுக்கு எந்த எலும்பு? ரேடியஸ் தலையில், அதாவது முன்கை எலும்பு ஒன்றின் முழங்கைப் பக்க முனையில், விலகாத விரிசல் என்றால் சில நாள் கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் தூளி போதும், எந்தக் கட்டும் தேவையில்லை. பின்முனை கதை வேறு. மேற்கையின் ட்ரைசெப்ஸ் தசை அதில்தான் ஒட்டியிருக்கிறது. உடைந்த துண்டை அது மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அந்த இழுப்பு நிற்காது. கம்பி தோலுக்கடியில் உறுத்தி, பிறகு எடுக்க வேண்டி வருவது மட்டும் உண்மை.

பெரம்பூர் சேகர்:
அப்புறம் ஏன் எங்கள் தெருவில் பிளேட் வைத்தவருக்கு சட்டையின் மேல் பட்டன் போட முடியவில்லை?

வண்ணை பிசியோ:
அசைக்காமல் வைத்திருப்பார்கள். முழங்கை சீக்கிரம் இறுகும் மூட்டு, மூன்று வாரத்துக்கு மேல் கட்டிப் போட்டால் ஆபத்துதான். பிளேட், கம்பி வைப்பதே சில நாளில் மடக்கி நீட்டத் தொடங்கத்தான். அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு 30 முதல் 130 டிகிரி வரை மடங்கினால் போதும் என்று 1981-இலேயே அளந்து சொல்லிவிட்டார்கள். முழுசாக நீளாவிட்டாலும் பிழைப்பு நடக்கும்.

தண்டையார்பேட்டை அக்கா:
எண்ணெய் போட்டு நீவி இழுத்து விடலாமாப்பா?

வண்ணை பிசியோ:
வேண்டாம் அக்கா. அடிபட்ட முழங்கையை வலுக்கட்டாயமாக இழுத்தால் வலியும் வீக்கமும் கூடும், தசைக்குள்ளேயே எலும்பு வளரக்கூடும் என்ற பயமும் உண்டு. அவரே மெதுவாக அசைக்கட்டும்.

பெரம்பூர் சேகர்:
80 வயதுப் பாட்டிக்கும் கம்பிதானா?

வண்ணை பிசியோ:
இல்லை. கைக்குப் பெரிய வேலை இல்லாத முதியவர் என்றால் சர்ஜன்களே ஆபரேஷன் செய்யாமல் விடுவதுண்டு. இவர் மீன் பெட்டி தூக்குபவர்.

காசிமேட்டுத் தம்பி:
அம்மா ஏற்கெனவே ஒருவரை வைத்துக் கட்டிவிட்டார். சுண்டு விரல் மரத்திருக்கிறது.

வண்ணை பிசியோ:
உடனே கட்டைத் தளர்த்திவிட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். விவாதம் அப்புறம்.

பெரம்பூர் சேகர்:
இதில் நானும் அவர் பக்கம்தான். காப்பீட்டு அட்டையை எடுத்துப் போங்க.