பிரைமிங்: ‘ஊட்டு’ என்று வைத்தால் என்ன?

அன்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக எல்லோருடைய கடிதங்களையும் வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பழைய விமானங்களின் எஞ்சினை இயக்குவதற்கு முன் அதற்குள் கொஞ்சம் பெற்றோலைப் பீச்சுகிறோமே, அந்தப் ‘பிரைமிங்’குக்குச் சொல் கிடைக்காமல், கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் நம் பிளைட் சிமுலேட்டரின் கையேட்டில் டைகர் மொத், ஸ்பிட்பயர், டக்கோட்டா ஆகிய மூன்று விமானங்களின் பக்கங்களும் அப்படியே கிடக்கின்றன.

ஆரையம்பதி ஆசிரியர் ஐயா ‘தூண்டல்’ என்றார். விளக்குத் திரியைத் தூண்டுவதுபோல என்று அவர் சொன்ன விளக்கம் அழகானது; முதலில் நானும் மயங்கிவிட்டேன். ஆனால் ஐயா, அதே விமானி இருக்கையில், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மக்னீற்றோவின் ஆளியும் (சுவிட்சும்) இருக்கிறது. மக்னீற்றோ வேலை செய்வதே மின்காந்தத் தூண்டலால். பௌதிகவியலில் நீங்களே எங்களுக்குப் படிப்பித்த அந்தச் சொல்லைப் பெற்றோல் பம்புக்கும் சூட்டினால், வாசிக்கும் பிள்ளை தீப்பொறியையும் எரிபொருளையும் குழப்பிக்கொள்ளும்.

சென்னை நண்பரின் ‘முன்னிரப்பல்’ தண்ணீர்ப் பம்புக்குச் சரி. எஞ்சினுக்கு ஆபத்து. சிலிண்டரை யாரும் நிரப்புவதில்லை. குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் எளிதில் ஆவியாகாது. மெதுவாகச் சுற்றும்போது, பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் காபுரேட்டரும் போதிய எரிபொருளை இழுத்துத் தராது. அந்தக் குறையை ஈடுசெய்யச் சில துளிகளை நேரே அனுப்புகிறோம், அவ்வளவுதான். அளவு மிஞ்சினால் பெற்றோல் சிலிண்டர்ச் சுவரின் ஒயிலைக் கழுவிவிடும். புகைபோக்கியில் தீயும் பிடிக்கலாம். ‘நிரப்பு’ என்று எழுதிவைத்தால் பிள்ளைகள் நிரப்பியே விடுவார்கள்.

தம்பி ஒருவர் முன்வைத்த ‘பூர்வாங்க எரிபொருள் உட்செலுத்துகை’யைப் பற்றி என்ன சொல்ல? அதை வாசித்து முடிப்பதற்குள் எஞ்சின் ஆறிவிடும். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்றவர் என்பது நமக்கெல்லாம் பெருமைதான். அவரைத் துணைக்கு அழைத்தாலும் அந்தச் சொல் குறுகப்போவதில்லை, தம்பி.

என் சொல் ‘ஊட்டு’. கதிரையில் இருந்து யோசித்துப் பிடித்த சொல் அல்ல. என் மச்சான் வாவியில் வள்ளம் ஓட்டுகிறவர். மோட்டாருக்குப் போகும் எண்ணெய்க் குழாயில் ரப்பர்க் குமிழ் ஒன்று உண்டு; கயிற்றை இழுப்பதற்கு முன் அது கல்லுப்போல இறுகும் வரை பிசைவார். “முதலில் அதற்கு ஊட்ட வேண்டும், பிறகுதான் அது வேலை செய்யும்” என்பார். ஸ்பிட்பயரிலும் இதே கதைதான். கைப்பம்பின் பிடியைத் திருகி விடுவித்து இழுத்துத் தள்ளுகிறோம். குழாய்கள் நிறைந்ததும் பிடி திடீரென்று இறுகும். அதற்குப் பிறகுதான் எண்ணத் தொடங்க வேண்டும். அந்த எண்ணிக்கைக்கும் தமிழில் சொல் தயாராக இருக்கிறது: வாய். “மூன்று வாய் ஊட்டு.” குழந்தைக்குச் சோறு ஊட்டிய எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

எத்தனை வாய் என்பது குளிரைப் பொறுத்தது. இங்கிலாந்தின் பனிக்காலத்துக்காக எழுதிய குறிப்பைப் பார்த்து, சிமுலேட்டரில் நிகழ்நேர வானிலையோடு நம்மூர் 30 பாகை வெயிலில் ஸ்பிட்பயரை நிறுத்தி அதே எண்ணிக்கையில் ஊட்டிப் பாருங்கள். நான் பார்த்தேன். இருமிப் புகைந்து அடங்கிவிட்டது. அந்த நிலைக்கு ‘மிகையூட்டு’, போதாததற்குக் ‘குறையூட்டு’, கருவிக்கு ‘ஊட்டுபம்பு’ என்று ஒரே வேரில் குடும்பமே கிடைக்கிறது. இயங்கியதும் பிடியைத் திருகிப் பூட்ட மறக்கக் கூடாது. மறந்தால் எஞ்சின் அந்த வழியாகத் தானே உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

டக்கோட்டாவில் ஊட்டுவதற்கு மின் ஆளிதான். அங்கே வாய்க்கணக்கு செல்லாது. “இரண்டு விநாடி ஊட்டு” என்று எழுதலாம். டைகர் மொத்தில் பம்பே இல்லை. உதவியாளர் காபுரேட்டரின் மிதவையை அழுத்திப் பெற்றோலை வழியவிட்டு, மக்னீற்றோக்களை நிறுத்தி வைத்தபடியே விசிறியைக் கையால் சில சுற்றுச் சுற்றுவார். ஆங்கிலத்தில் அந்த அழுத்தலுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுதல் என்று பொருள்படும் சொல்லை வைத்திருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு விளையாட்டு வேண்டாம்; ‘வழியவிடு’, ‘உறிஞ்சவிடு’ போதும்.

ஒரு மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன். தாங்கியிலிருந்து காபுரேட்டருக்கு எரிபொருள் தொடர்ந்து போவதையும் ‘ஊட்டல்’ என்கிறோமே? உண்மைதான். அதை ‘வழங்கல்’ என்று மாற்றிவிடலாம். கையால், கணக்காக, தொடக்கத்தில் மட்டும் கொடுப்பதற்கே ‘ஊட்டு’ இருக்கட்டும்.

இன்னொன்று. ‘ஸ்டார்ட்டர்’ என்பதற்குத் ‘துவக்கி’ என்று போட்டிருக்கிறார்கள். நம் பக்கத்தில் துவக்கு என்றால் சுடுகிற துவக்குத்தான். அதிலும் ஸ்பிட்பயர் இரண்டாம் வகையில் இருந்த கொஃப்மன் கருவி தோட்டா வெடித்துத்தான் எஞ்சினைச் சுழற்றியது. அந்தப் பக்கத்தில் ‘துவக்கியில் தோட்டாவை இடு’ என்று வாசித்த என் மகள் பயந்தே போனாள். ‘தொடக்கி’ என்று திருத்திவிட்டேன். சென்னை நண்பர்கள் பொறுத்தருள்க.

வெள்ளிக்கிழமைக்குள் வலுவான மறுப்பு வராவிட்டால் மூன்று பக்கங்களிலும் ‘ஊட்டு’ ஏறிவிடும். டக்கோட்டாவின் கீழ்ச் சிலிண்டர்களில் ஒயில் தேங்கி எஞ்சின் இறுகிப்போவதற்கு ‘நீர்மப் பூட்டு’ சரியா என்ற சண்டையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.